பூஜைக்கு வைத்து எடுக்காத புத்தகங்கள்

தம்பி,

நீ நலமாக இருக்கிறாய் என்று போனில் உன் குரலைக் கேட்டதுமே தெரிந்துகொண்டேன். அதனால் அந்த விசாரிப்பை எல்லாம் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். அலமாரியில் புத்தகம் இல்லை. நீ சனிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து வேன் பிடித்து வந்து, ஞாயிற்றுக்கிழமை உன் புதுப் படிப்பக மண்டபத்துக்குக் கொண்டுபோய், மேடை ஏற்றி, என் கையில் சாவியைக் கொடுத்து, ஊர் பார்க்கத் திறக்கச் சொல்லப்போகிறாயே, அந்த அலமாரியைத்தான் சொல்கிறேன். அதற்குள் இருப்பது மண். இரண்டாம் தடவை நீ போன் செய்து, "எல்லாம் தயாரா அம்மா?" என்று கேட்டபோது, "தொடச்சி வச்சிட்டேம்பா" என்றேன். அது பொய். அதைச் சொல்லும்போது நான் அந்த அலமாரிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அதனால் இந்தச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவேன். நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனாலும் என் கையெழுத்தைக் குறை சொல்ல இந்த ஜார்ஜ்டவுனில் ஆள் இல்லை. உன் மனைவி டீச்சர், அவளும் சொல்ல முடியாது. இந்தப் பெருமையை மட்டும் என்னிடம் விட்டுவிடு. மற்றதெல்லாம் இந்தக் கடிதத்தோடு போய்விடும்.

நீ படிப்பகம் திறக்கப்போவதாகச் சொன்ன மறுநாள் காலையில் குளித்துவிட்டு, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்தேன். பூட்டு துருப்பிடித்திருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, காத்திருந்து, திருகித் திருகித் திறந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் புத்தகங்கள் எப்போதும் போல முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. தங்க எழுத்து மினுக்கென்று இருந்தது. முதல் தட்டில் கடைசிப் புத்தகத்தைப் பிடித்து இழுத்தேன். முதுகு மட்டும் கையோடு வந்தது. பின்னால் ஒன்றுமே இல்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்ததும். சுவரோடு ஒட்டிக்கிடந்த அலமாரியின் பின்பலகையைத் துளைத்துக்கொண்டு வந்த கறையான், ஒரு புத்தகத்தையும் விடாமல் உள்ளே உள்ளே தின்றுவிட்டு, நமக்குத் தெரிகிற பக்கத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. தினமும் விளக்கேற்றி, ஊதுபத்தி காட்டி, கண்ணாடியைத் துணியால் துடைத்தவள் நான். எத்தனை காலமாக வெறும் முதுகுகளுக்கு ஊதுபத்தி காட்டினேனோ தெரியாது.

உனக்கு அந்தப் புத்தகங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியும். ஆனால் நீ தெரிந்துவைத்திருப்பது நான் பாதியை விட்டுவிட்டுச் சொன்ன கதை. துறைமுகத்துக்குப் பின்சந்தில் டயர்க் கடைக்கு மேலே அந்தக் காலத்தில் ஒரு படிப்பகம் இருந்தது. உன் அப்பாவும் அவரோடு மூட்டை தூக்கியவர்களும் வேலை முடிந்து, முகம் கழுவிக்கொண்டு அங்கேதான் போய் உட்காருவார்கள். எழுத்துத் தெரிந்தவர் சத்தமாகப் படிப்பார், தெரியாதவர் கேட்பார். கட்டடக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்டபோது புத்தகங்களை என்ன செய்வது என்று எல்லாரும் முழித்தார்கள். உன் அப்பா ஒரு லாரியை இரவல் வாங்கி, அலமாரியோடு சேர்த்து நம் பிளாட் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். கீழ்வீடு என்பதால் வாசல் வழியாக நுழைந்தது. கட்டில் போடவே இடம் இல்லாத கூடத்தில் அலமாரி எதற்கு என்று நான் சண்டை போட்டது உனக்கு ஞாபகம் இருக்காது. நீ அப்போது தொட்டிலில் இருந்தாய்.

அன்றிலிருந்து நம் வீட்டுக் கம்பிக்கதவு பகலில் பூட்டப்பட்டதே இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். உன் அப்பா யார் எடுத்தார் என்று எழுதி வைத்ததும் கிடையாது, தாமதமானதற்குத் திட்டியதும் கிடையாது. அவருக்கு ஒரே ஒரு முறைதான் இருந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறவர் வாசலில் நின்று அதன் கதையைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்தது. லாரி ஓட்டுகிறவர், கோயிலில் பூக்கட்டுகிறவர், ஆபீசில் கிராணியாகக் கணக்கு எழுதியவர், எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்று சொல்வார்கள். "இவ்வளவுதானா? அந்தத் தங்கச்சி என்ன ஆனா?" என்று உன் அப்பா கிண்டுவார். படிக்காமல் திருப்பிக் கொண்டுவந்தவன் மாட்டிக்கொண்டு சிரிப்பான். புத்தகங்கள் குழம்புக்கறையோடு வரும், நடுவில் பஸ் டிக்கெட்டோடு வரும். ஒருவர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய், அங்கேயே காலண்டர் தாளில் அட்டை போட்டுக் கொண்டுவந்தார். எனக்கு அந்தக் கறையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "நீங்க குடுக்கிறது புத்தகமா, கைத்தொடைக்கிற துணியா?" என்று கேட்பேன். "கறை பட்டாத்தான் ஒருத்தன் சாப்பிட்டான்னு அர்த்தம்" என்பார்.

இப்போது நான் சொல்லப்போவதை நீ நம்ப மாட்டாய். அந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூட நான் முழுதாகப் படித்ததில்லை. எனக்குத் தெரிந்த கதைகள் எல்லாம் சமையலறையில் நின்று காதில் வாங்கியவை. வாசலில் அவர்கள் சொல்வார்கள், உள்ளே நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பேன். கதை பாதி போகும்போது சோறு பொங்கும், கஞ்சி வடிக்கப் போய்விடுவேன். திரும்பி வந்தால் கதை முடிந்து அடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் எனக்கு எல்லாக் கதைக்கும் தலை தெரியும், வால் தெரியாது. ஒன்று இன்னும் மனதில் நிற்கிறது. கல்யாணமாகி ஊருக்குப் போகிற புருஷனும் பெண்டாட்டியும். வழியில் ஒரு ஸ்டேஷனில் ரயில் நிற்கிறது. அவளுக்குத் தாகம். அவன் செம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க இறங்குகிறான். ரயில் புறப்பட்டுவிடுகிறது. அவ்வளவுதான் கேட்டேன், உலை பொங்கிவிட்டது. அவன் வந்தானா இல்லையா என்று உன் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நான் படிக்கவில்லை என்பது தெரிந்துவிடும். அலமாரியிலிருந்து எடுத்துப் படித்திருக்கலாம். பெரிய புத்தகம். என் பேச்சை எழுத எனக்கு வரும், அச்சில் இருக்கிற நூல் தமிழ் ஓடாது; எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கிறதை யாராவது பார்த்துவிட்டால்? இந்த வீறாப்பில்தான் என் வயது போனது.

இதில் உன்னையும் இழுத்துவிட்டேன். நீ இடைநிலைப் பள்ளிக்குப் போன புதிதில் "என் தாய்" என்று கட்டுரை எழுதினாய். என் அம்மா ஐந்தாம் வகுப்பு, ஆனால் ஒரு நூலகத்தையே படித்தவர் என்று எழுதிப் பரிசு வாங்கினாய். உன் தமிழ் வாத்தியார் என்னைப் பள்ளிக்கு வந்து பிள்ளைகளிடம் பேசச் சொன்னார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். அந்த ரயில் கதையைத்தான் சொன்னேன். ரயில் புறப்பட்ட இடத்தில் நிறுத்தி, "மிச்சத்தை நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்" என்றேன். வாத்தியார் எழுந்து நின்று கை தட்டினார். பிள்ளைகளைப் படிக்கத் தூண்டுவதற்கு எவ்வளவு அருமையான வழி என்று மைக்கில் சொன்னார். நீ முதல் வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாயே, அந்தப் பார்வைக்காக நான் எதையும் சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாய். அப்போதாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

அலமாரி பூட்டப்பட்டது எப்படி என்று சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் சரஸ்வதி பூஜைக்கு உன் அப்பா புத்தகங்களை இறக்கி, வெள்ளைத் துணி விரித்து அடுக்குவார். நான் சந்தனம் குங்குமம் வைப்பேன். அன்று ஒருவரும் படிக்கக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் அவர் கையில் வருகிற ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் உரக்கப் படிப்பார். அதற்குப் பிறகு எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம். சுண்டலுக்கும் புத்தகத்துக்கும் ஒரே வரிசை நிற்கும். அவர் இறந்த வருடம், துக்கம் என்றாலும் முறை விடக்கூடாது என்று நானும் பூஜைக்கு வைத்தேன். மறுநாள் காலையில் எடுத்துப் படிக்க வீட்டில் ஆள் இல்லை. நீ கோலாலம்பூரில் மனைவிக்குப் பிரசவம் என்று அங்கே இருந்தாய். நான் எடுத்திருக்க வேண்டும். என் கை போகவில்லை. ஒரு பக்கம் உரக்கப் படிக்க வேண்டுமே, தட்டுத் தடுமாறிவிட்டால் வாசலில் நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? துணியோடு அள்ளி அலமாரிக்குள் அடுக்கி, பூட்டி, சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். கேட்டவர்களிடம், "புத்தகம் பூஜையில இருக்கு" என்றேன். அடுத்த வருடம் கேட்டவர்களிடமும் அதையே சொன்னேன். உள்ளூர ஒரு வசதியாகவும் இருந்தது, பொய் சொல்லவில்லை. கறை இல்லை, வாசலில் செருப்புக் குவியல் இல்லை. இரவல் கேட்டு வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். படம் பிடிக்க வந்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சிக்கு என்று வந்து ஒரே ஒரு புத்தகத்தைத் தொட்டுப் பார்க்கக் கேட்டாள். "கண்ணாடி வழியாப் பாத்துக்கம்மா" என்றேன். பாவம், மூக்கைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு தலைப்புகளை எழுதிக்கொண்டு போனாள். லைப்ரரி அம்மா என்று இந்த பிளாட்டே கூப்பிட்டது. அந்தப் பெயர் எனக்கு இனித்தது.

உன் மகளும் கேட்டாள். பள்ளி விடுமுறைக்கு இங்கே வந்திருந்தபோது படம் போட்ட புத்தகம் ஒன்றைக் காட்டி எடுத்துத் தரச் சொன்னாள். சாமிகிட்ட இருக்கு கண்ணு, எடுக்கக்கூடாது என்றேன். அடுத்த விடுமுறைக்கு வந்தவள் அலமாரி முன்னால் நின்று, "பாட்டி, சாமி இன்னும் படிச்சி முடிக்கலையா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவள் அதன் பிறகு கேட்கவே இல்லை. இப்போது அவள் எந்நேரமும் போனைப் பார்க்கிறாள், தமிழ் வாசிக்க வருவதில்லை என்று உன்னிடமும் உன் மனைவியிடமும் குறை சொல்கிறவள் யார்? நான்தான். அந்த டீச்சர் மருமகளை உன் முன்னாலேயே எத்தனை தடவை குத்திக் காட்டியிருக்கிறேன்! அவளிடம் இந்தப் பக்கத்தை முதலில் காட்டு.

இனி ரோசலின் விஷயம். மேல்மாடியில் இருந்த ரோசலின் ஆண்ட்டியை உனக்கு நன்றாகத் தெரியும். நீ அவள் வீட்டு கிறிஸ்துமஸ் கேக் தின்றே வளர்ந்தவன். கடலுக்கு அக்கரையில், மாக் மண்டின் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியுமுன் பெர்ரிப் படகு ஏறிப் போவாள். போகவர பெர்ரியில் படிப்பதற்கென்றே புத்தகம் எடுப்பாள். உன் அப்பாவிடம் கதை சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது; நடித்தே காட்டுவாள். உன் அப்பா நோயில் படுத்திருந்த சமயத்தில் அவர்கள் குடும்பம் அக்கரைக்கே, பட்டர்வொர்த்துக்கு வீடு மாறியது. போகிற நாளில் ஒரு பை நிறையப் புத்தகம் எடுத்துக்கொண்டு போனாள். "மெதுவாப் படிச்சிட்டுக் கொண்டாம்மா" என்று கட்டிலிலிருந்து அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது.

இதைக் கவனமாகப் படி. என் காதிலும் விழுந்தது. ஆனால் அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு அவள் வந்திருந்தபோது, சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது, நான் எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டேன், புத்தகம் எங்கே என்று. இன்னும் முடிக்கலக்கா, அண்ணன் மெதுவாக் கொண்டாரச் சொன்னாரு என்றாள். "செத்த வீட்டுச் சாமானத் தூக்கிட்டுப் போறவளுக்கு என்னா பேருன்னு உனக்குத் தெரியாதா?" என்றேன். பந்தியில் கை நின்றுவிட்டது. அவள் இலையை மடிக்காமல் எழுந்து போனாள். புருஷன் போன துக்கத்தில் பேசிவிட்டேன் என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது துக்கம் இல்லை தம்பி. என் புருஷன் வாசலில் நிற்கவைத்து ரசித்துக் கேட்டது அவள் கதையை. என்னிடம் அவர் ஒரு நாளும் கதை கேட்டதில்லை. நான்தான் எல்லாம் படித்தவள் ஆயிற்றே!

உனக்கு யாரும் சொல்லாதது இதற்குப் பிறகு நடந்தது. அந்த சரஸ்வதி பூஜை முடிந்து சில நாளில் ரோசலின் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கம்பிக்கதவுக்கு வெளியே நின்று, "எல்லாம் இருக்கு, எண்ணிக்கங்கக்கா" என்றாள். நான் கதவைத் திறக்கவில்லை. புத்தகம் எல்லாம் பூஜையில் இருக்கிறது, அலமாரி திறக்கிறதில்லை, கொண்டு போ என்றேன். பையோடு திரும்பிப் போனாள். அவள் திருப்பிக் கொடுக்க வந்ததை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனவள் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னிடமும் சொன்னேன். அவள் மகன் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். ஒரு கல்யாணத்தில் அவன் கை கொடுக்க வந்தபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாய். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அம்மாவுக்காக மகன் நிற்கிறான் என்று பூரித்தும் போனேன்.

அலமாரி கறையானுக்குப் போனது தெரிந்ததும் நான் யோசித்த யோசனைகள் எல்லாம் திருட்டு யோசனைகள். முதுகுகளைப் பழையபடி அடுக்கி, கண்ணாடியைச் சாத்தி, மேடையில் திறக்கக்கூடாது, சாமி உத்தரவு இல்லை என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். பிறகு பழைய பேப்பர் வாங்குகிற லாரி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு, திருடு போய்விட்டது என்று சொல்லலாம். நம் வீட்டில் புத்தகம் காணாமல் போனால் யார் பெயர் அடிபடும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும்தான் மூட்டை கட்டிக்கொண்டு போய் லாரியை நிறுத்தினேன். லாரிக்காரச் சீனர் மூட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தார். ஒரு முதுகைப் புரட்டினார். மண் கொட்டியது. "கொசோங் லா, அம்மா," என்றார். வெறும் கூடு, உள்ளே ஒன்றும் இல்லை என்கிறார். மூட்டையை மறுபடி என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் அதைக் கட்டிக்கொண்டு ரோட்டில் நின்றேன். எதிர்வீட்டு மாமி மாடியிலிருந்து, "லைப்ரரி அம்மா, என்ன தூக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டாள். முந்தானையால் மூட்டையை மூடிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் பட்டர்வொர்த் போனேன். என்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்துவிடாதே. மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. அந்தப் பை நிறையப் புத்தகம் அவளிடம் இருக்குமே, அதை வாங்கி முன்தட்டில் அடுக்கினால் மேடையில் மானம் தப்பும் என்று போனேன். பெர்ரியில் உட்கார்ந்து என்ன சொல்லிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ரோசலின் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். முடி முழுதும் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் குழாயை மூடினாள். "வாங்கக்கா. வெயில்ல வந்திருக்கீங்க," என்றாள். அவ்வளவுதான். உட்காரவைத்து ஜில்லென்று பார்லி தண்ணீர் கொடுத்தாள். நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்து, அந்தப் புத்தகமெல்லாம் இருக்கா ரோசு என்று கேட்டேன்.

"இருக்கு. ஆனா வீட்ல இல்லக்கா."

விற்றுவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தாயா, அப்போதும் எனக்கு அப்படித்தான் நினைக்க வந்தது. அவள் விரல் மடக்கிச் சொன்னாள். ஒன்று முனையிலிருக்கிற மளிகைக்கடைக்காரரிடம், ஒன்று மாதா கோயிலில் பாட்டுப் பாடுகிற பெண்ணிடம், ஒன்று அவளோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த கமலத்திடம், இரண்டு டாக்சி ஓட்டுகிறவர் வீட்டில் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொன்றாக. வருவதும் போவதுமாக எப்போதும் வெளியே இருக்குமாம். "நீங்க வாங்கிக்கல. நான் தூக்கிட்டுப் போயி பெட்டியிலயா வைக்கிறது? அண்ணன் செஞ்ச மாதிரி குடுக்க ஆரம்பிச்சேன். வந்து கதைய சொல்லு, அடுத்தத எடு." அந்த நேரம் அந்த மளிகைக்கடைக்காரரே வந்துவிட்டார். கையில் காலண்டர் தாள் அட்டை போட்ட புத்தகம். நான் இருப்பதைப் பார்த்துத் தயங்கினார். சொல்லுங்கண்ணே, இவங்க நம்ம அக்காதான் என்றாள். அவர் நின்றபடியே சொல்லத் தொடங்கினார். உன் அப்பா மாதிரியே ரோசலின் நடுவில் நடுவில் கிண்டினாள். புத்தகத்தை நான் வாங்கிப் பார்த்தேன். முதுகே இல்லை, நூல் போட்டுத் தைத்து, டேப் ஒட்டி, கறை படிந்து, மூலை எல்லாம் மடங்கிப்போய் இருந்தது. ஆனால் ஒரு பக்கம்கூடக் குறையவில்லை. என் வீட்டில் அழகாக முதுகு மட்டும் இருக்கிறது. இங்கே முதுகைத் தவிர எல்லாம் இருக்கிறது.

அவர் போனதும் கறையான் விஷயத்தைச் சொன்னேன். எல்லாமேவா என்றாள். எல்லாமே என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. எனக்காக அழவில்லை, உன் அப்பாவுக்காகவும் இல்லை என்று நினைக்கிறேன். அந்தப் புத்தகங்களுக்காக அழுதாள். நான் அழவில்லையே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு வந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மேடைமேல் நிற்க வேண்டுமே என்கிற பயம் மட்டும்.

இப்போது கைவசம் இருக்கிறதில் ஒன்றைத் தா, படித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டதுதான். எது வேணும் என்றாள். தண்ணீர் பிடிக்க ரயிலிலிருந்து இறங்கினவன் கதை என்றேன். அது முந்தின நாள்தான் திரும்பி வந்து வீட்டில் இருந்தது. எடுத்து வந்தவள் கொடுக்காமல் மார்போடு வைத்துக்கொண்டு, "அண்ணன் முறை தெரியுமில்ல? கடைசியாப் படிச்ச கதையச் சொல்லுங்க," என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் எந்தக் கதையைத் தொடங்கினாலும் பாதியில் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சொன்ன மாதிரி மிச்சத்தை நீயே படித்துக்கொள் என்று அவளிடம் சொல்ல முடியாது. அவள் எல்லாவற்றையும் படித்தவள்.

"நான் ஒண்ணும் படிச்சதில்ல ரோசு," என்றேன். "ஒண்ணுமே படிச்சதில்ல."

அவள் புத்தகத்தை என் மடியில் வைத்தாள். "அப்போ இது மொதப் புத்தகம். மொதப் புத்தகத்துக்குக் கதை சொல்ல வேணாம்," என்றாள். அதற்கு மேல்தான் நான் அந்தப் பந்தியில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதை எப்படிக் கேட்டேன் என்று எழுத வரவில்லை. அவள் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. "அத்தனை பேரு முன்னால சொன்னீங்க. இத என் வீட்டுக்குள்ள சொல்றீங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நியாயத்தைச் சொன்னாள்.

அதனால்தான் தம்பி, இந்தக் கடிதம் உனக்கு மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மைக்கில் இதை முதலிலிருந்து கடைசிவரை படி. ஓர் எழுத்தும் விடாதே. உன் அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்து எதையும் மெழுகாதே. அந்தப் பந்தியில் இருந்தவர்களில் பாதிப்பேராவது அங்கே இருப்பார்கள். ரோசலின் திருடி இல்லை, கொண்டுவந்து கொடுத்ததை வாங்காமல் அவள் பெயரைக் கெடுத்தவள் நான் என்று அவர்கள் காதில் விழ வேண்டும். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன், வரமாட்டேன் என்று பயப்படாதே. அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் "நூல் காத்த அன்னை" என்று போட்டிருக்கிறாயே, அதை அடித்துவிடு. பொன்னாடை வாங்கியிருந்தால் யாருக்காவது கல்யாணத்துக்குக் கொடுத்துவிடு. ரோசலினுக்குப் போர்த்தலாம் என்று நினைக்காதே. நான் கேட்டுவிட்டேன், வேர்க்கும் வேண்டாம் என்கிறாள். அவள் மகனை நீயே போன் செய்து கூப்பிடு. முதலில் கையை நீ நீட்டு.

அலமாரியைக் கொண்டுபோகக் கூடாது. அதில் இன்னும் கறையான் இருக்கிறது, புது மண்டபத்துக்கும் ஏறிவிடும். வேனை எடுத்துக்கொண்டு பட்டர்வொர்த் போ. ரோசலின் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். அவரவர் வீட்டில் இருக்கிற புத்தகத்தோடு அவரவரே வேனில் ஏறி வருவார்கள். ஒரு தட்டு நிறைவதற்குக்கூடக் காணாது. பரவாயில்லை, நிறையத் தட்டு வாங்கிப் போடாதே. புதுப் புத்தகமும் வாங்கு, ஆனால் இவற்றுக்குப் பக்கத்திலேயே வை. என்ன வாங்கினாலும் கண்ணாடிக் கதவு மட்டும் வேண்டாம். சரஸ்வதி பூஜை வைக்கிறபோது மறுநாள் காலையில் யாராவது ஒருவர் வந்து எடுத்துப் படிக்கும்படி செய். தடுமாறிப் படிக்கிறவர்களாகப் பார்த்துக் கூப்பிடு. உன் மகளைக் கூப்பிடு. பூஜைக்கு வைப்பதே எடுப்பதற்குத்தான் என்று அவளுக்கு நான் சொல்லித் தந்திருக்க வேண்டும். சாமி பெயரைச் சொல்லி அதைத் தடுத்தேன். சாமி என்ன பாவம் செய்தது.

பேசி முடித்ததும் வாசலில் கதை கேட்க ஆரம்பியுங்கள். எனக்கும் முறை வரும். அதற்குள் முடிக்க வேண்டும் என்று விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு வெகுநேரம் ஆகிறது. கண்ணாடியை மாற்ற வேண்டும் போலிருக்கிறது. இன்று சோறு அடிப்பிடித்துப் போய்விட்டது, வீடெல்லாம் கரிந்த வாடை. தண்ணீர் பிடிக்க இறங்கியவன் இன்னும் ரயிலுக்கு வந்து சேரவில்லை.

அம்மா